தலையைத் தொடாதே, வாலை இழு: டூயல் பூட் கணினியில் பார்ட்டிஷன் அளவை மாற்றும் முறை

விண்டோஸும் லினக்ஸும் ஒரே டிஸ்கில் தனித்தனி பார்ட்டிஷன்களாக, அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதிகளாக, இருப்பதுதான் டூயல் பூட். அப்படி இருந்தால், இடம் போதாமல் முதலில் திணறுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். நிறுவும் நாளில் "சும்மா பழகிப் பார்க்கத்தானே" என்று 30 ஜிபி ஒதுக்கியிருப்போம். பழகிய பிறகு ஃபிளாட்பேக், டாக்கர், பழைய கெர்னல்கள் எல்லாம் சேர்ந்து, லினக்ஸ் அமைப்பு இருக்கும் ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடும். பக்கத்திலேயே விண்டோஸின் சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும்.

அந்த இடத்தை இந்தப் பக்கம் கொண்டுவருவது எப்படி என்பதை என் லேப்டாப்பையே வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட், 512 ஜிபி எஸ்எஸ்டி. டிஸ்கில் இடமிருந்து வலமாக வரிசை இது: 100 எம்பி இஎஃப்ஐ (கணினியைத் துவக்கும் கோப்புகள்), 16 எம்பி மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்ட், சுமார் 396 ஜிபி சி டிரைவ், 750 எம்பி விண்டோஸ் ரெகவரி, 30 ஜிபி மின்ட் ரூட், 50 ஜிபி ஹோம் (என் சொந்தக் கோப்புகள்). கூட்டினால் 512 வராது, 476 சொச்சம்தான் வரும். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இடம் எங்கும் திருட்டுப் போகவில்லை.

உங்கள் கணினியின் வரிசை வேறாக இருக்கலாம். முதல் வேலையாக விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து அந்தப் படத்தை ஃபோனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் லினக்ஸில், பார்ட்டிஷன் அளவை மாற்றும் கருவியான ஜிபார்ட்டெட்டின் திரையையும் எடுங்கள். வேலையின் நடுவே "இதில் எது எது?" என்று குழப்பம் வரும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

தலையும் வாலும்

ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இடது ஓரத்தில் தலை, வலது ஓரத்தில் வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலை நீட்டுவது சின்ன வேலை. உள்ளே இருக்கும் தகவல் எதுவும் நகராது, "இனி இவ்வளவு இடம் உண்டு" என்ற கணக்கு மட்டும் மாறும். வாலைச் சுருக்கும்போதும் அந்த ஓரத்தில் இருந்த கோப்புகள் மட்டும் உள்பக்கம் தள்ளி வைக்கப்படும்.

தலையை நகர்த்துவது அப்படியல்ல. ஃபைல் சிஸ்டம், அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்பு, தன் முகவரிகள் எல்லாவற்றையும் தலையிலிருந்துதான் எண்ணுகிறது. தலை இடம் மாறினால், பார்ட்டிஷனில் இருப்பதை எல்லாம் புதிய இடத்துக்கு நகலெடுத்தாக வேண்டும். பழைய இடமும் புதிய இடமும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், நகலெடுக்க எடுக்கப் பழையது அழிந்துகொண்டே வரும். பாதியில் மின்சாரம் போனால் பழையதும் முழுசாக இருக்காது, புதியதும் முழுசாக இருக்காது. ஜிபார்ட்டெட்டே இந்த இடத்தில், கணினி பூட் ஆகாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை காட்டும். பலர் அதைப் படிக்காமலேயே ஓகே அழுத்திவிடுகிறார்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் முறை என்ன? சி டிரைவைச் சுருக்கு, நடுவில் இருக்கும் ரெகவரியை இடப்பக்கம் தள்ளு, பிறகு ரூட்டின் தலையை இடப்பக்கம் இழு. வேலை நடக்கும். ஆனால் இரண்டு தலைகள் நகர்கின்றன, அதில் ஒன்று உங்கள் லினக்ஸ் முழுவதும் இருக்கும் பார்ட்டிஷன்.

நான் செய்வது வேறு. சி டிரைவின் வாலை 80 ஜிபி சுருக்குகிறேன். அங்கே உண்டாகும் வெற்றிடத்தில் புதிதாக ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, ஹோம் முழுவதையும் அங்கே நகலெடுக்கிறேன். சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஹோமை நீக்குகிறேன். அது ரூட்டுக்கு வலப்பக்கத்தில் ஒட்டியே இருந்ததால், ரூட்டின் வாலை அந்த 50 ஜிபிக்குள் நீட்டிவிடலாம். கடைசியில் ஹோம் 80 ஜிபி, ரூட் 80 ஜிபி. ஒரு தலைகூட நகரவில்லை, ரெகவரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பழையது அப்படியே இருப்பதால், பிடிக்காவிட்டால் பின்வாங்கலாம்.

உங்களுக்குத் தனி ஹோம் பார்ட்டிஷன் இல்லை, எல்லாம் ரூட்டிலேயே இருக்கிறது என்றால் வேலை இன்னும் எளிது. வெற்றிடத்தில் புதிய ஹோம் உருவாக்கி உங்கள் கோப்புகளை அங்கே மாற்றினாலே ரூட்டின் பாரம் பெருமளவு குறைந்துவிடும், ரூட்டின் அளவைத் தொடவே வேண்டாம்.

அதற்கு முன்

உண்மையிலேயே இடம் போதவில்லையா என்று பாருங்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற செயலி எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் (அமைப்பின் பழைய நிலையின் நகல்கள்) ரூட்டிலேயே சேர்ந்து கிடந்தால் அவையே 15, 20 ஜிபி தின்றுவிடும். டிஸ்க் யூசேஜ் அனலைசரைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்னாப்ஷாட்டுகளை வெளி டிஸ்குக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை.

பேக்கப். முழு டிஸ்கையும் இமேஜ் எடுக்க முடிந்தால் நல்லது, குளோன்ஸில்லா அதற்கு ஏற்றது. முடியாவிட்டால், மறுபடி தரவிறக்கவோ உருவாக்கவோ முடியாத கோப்புகள் மட்டுமாவது வேறொரு டிஸ்கில் இருக்க வேண்டும். அதே டிஸ்கின் வேறு பார்ட்டிஷனில் வைப்பது பேக்கப் ஆகாது. அப்படியே டிஸ்கின் உடல்நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் கணக்கு, கிடைக்கும். அதில் பிழைகள் காட்டும் டிஸ்கில் அளவு மாற்றும் வேலையே வேண்டாம், புது டிஸ்க் வாங்கித் தகவலை மாற்றுங்கள்.

பிட்லாக்கர், டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பார்க்கலாம். ஓடினால் முதலில் 48 இலக்க ரெகவரி கீயை எடுத்து இந்தக் கணினிக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள், காகிதத்தில் எழுதினாலும் சரி. பிறகு பாதுகாப்பை சஸ்பெண்ட் செய்யுங்கள். என்கிரிப்ட் ஆன சி டிரைவை விண்டோஸ் தானே சுருக்கிவிடும், ஆனால் ஜிபார்ட்டெட்டால் அதைத் தொட முடியாது. பூட் அமைப்பில் ஏதாவது மாறினால் விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும். அந்த நேரத்தில் தேடக்கூடாது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் டிஸ்கின் அமைப்பை மாற்றிவிட்டு விண்டோஸை எழுப்பினால், அதன் நினைவில் இருப்பது பழைய டிஸ்க். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு ஓர் இடைவெளி, சாய்கோட்டோடு ஹெச், மறுபடி இடைவெளி, ஆஃப் என்று கொடுத்தால் ஹைபர்னேஷனும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போய்விடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ரீஸ்டார்ட் கொடுத்தால் எப்போதுமே முழு மறுதொடக்கம்தான், ஷட்டவுன் கொடுத்தால்தான் இந்த அரைத்தூக்கம்.

விண்டோஸை விண்டோஸே வெட்டட்டும்

விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் உள்ள பார்ட்டிஷனை ஜிபார்ட்டெட்டும் சுருக்கும், நன்றாகவே சுருக்கும். ஆனாலும் சி டிரைவை விண்டோஸிடமே விடுவதுதான் என் வழக்கம். எந்தக் கோப்பை நகர்த்தலாம், எதை நகர்த்தக்கூடாது என்பது அதற்குத்தான் தெரியும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும்: 80 ஜிபி வேண்டுமென்றால் 81920. விண்டோஸை ஒட்ட ஒட்ட வெட்டாதீர்கள். பெரிய அப்டேட்டுகள் வரும்போது அதற்கும் பத்திருபது ஜிபி காலி இடம் வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டுவார்கள். 200 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கும், ஆனால் சுருக்கக்கூடிய அளவு வெறும் 18 ஜிபி என்று காட்டும். காரணம், நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு டிரைவின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி வாலைச் சுருக்க முடியாது. வழக்கமான ஆசாமிகள் மூன்று பேர். ஹைபர்னேஷன் கோப்பு, அதை மேலே சொன்ன கட்டளையே நீக்கிவிட்டது. பேஜிங் கோப்பு, அதை அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் வர்ச்சுவல் மெமரி பகுதியில் தற்காலிகமாக நிறுத்தலாம். மூன்றாவது சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிகள், சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைத்து அவற்றை நீக்கலாம். மூன்றையும் முடித்து ஒரு ரீஸ்டார்ட். மறுபடி ஷ்ரிங்க் கொடுத்துப் பாருங்கள்.

அப்போதும் அளவு ஏறவில்லையா? ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், விண்டோஸே குற்றவாளியின் பெயரைச் சொல்லும். இவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். அங்கே 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். கடைசியாக வழிமறித்த கோப்பு எது என்று அதில் இருக்கும். பெயர் தெரிந்தால், அதை நீக்க முடியுமா, எந்தச் சேவையை நிறுத்தினால் அது விலகும் என்று யோசிக்கலாம். சில சமயம் அது என்டிஎஃப்எஸ்ஸின் உள் அட்டவணையாக இருக்கும். அப்போது மட்டும் ஜிபார்ட்டெட்டிடம் போகலாம், பிட்லாக்கரை முழுவதும் நீக்கி டீகிரிப்ட் செய்த பிறகு. அப்படிச் சுருக்கினால் அடுத்த முறை விண்டோஸ் துவங்கும்போது தானாகவே செக்டிஸ்க் ஓடும். அதை நிறுத்தாமல் முடியவிடுங்கள்.

சுருக்கியதும் சி டிரைவுக்கும் ரெகவரிக்கும் நடுவில் கறுப்புப் பட்டையோடு அன்அலொகேட்டட் என்று 80 ஜிபி தெரியும். அங்கே விண்டோஸில் எதையும் உருவாக்காதீர்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

புதிய ஹோம்

மின்ட் லைவ் யுஎஸ்பியில், அதாவது நிறுவாமலேயே மின்ட்டை ஓட்டும் யுஎஸ்பியில், பூட் செய்யுங்கள். ஜிபார்ட்டெட் அதிலேயே இருக்கிறது. சார்ஜர் சொருகியிருக்கட்டும், திரை அணைந்து கணினி தூங்கப்போகும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

மேலே வலது மூலையில் சரியான டிஸ்க்தானா என்று பாருங்கள். யுஎஸ்பியும் அந்தப் பட்டியலில் இருக்கும். வெற்றிடத்தைத் தேர்ந்து, நியூ கொடுத்து, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 (லினக்ஸில் வழக்கமானது), லேபிளில் அடையாளத்துக்கு ஒரு பெயர். ஜிபார்ட்டெட் உடனே எதையும் செய்துவிடாது, கீழே வரிசையில் போட்டு வைக்கும். பச்சை டிக்கை அழுத்தும்வரை மனம் மாறலாம். அழுத்திய பிறகு மாறக்கூடாது.

புதிய பார்ட்டிஷனுக்கு 7 என்ற எண் கிடைக்கும், இடத்தின்படி பார்த்தால் அது 3-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தாலும். கண்ணுக்கு உறுத்தும். அப்படியே விடுங்கள், எண் வரிசையைச் சரிசெய்யப் போய் வம்பை விலைக்கு வாங்காதீர்கள். லினக்ஸ் பார்ட்டிஷன்களை அடையாளம் காண்பது யுயுஐடி என்ற தனித்த நீள அடையாளத்தால்தான்.

அடுத்து நகல். டெர்மினலில் எம்என்டி என்ற அடைவுக்குள் பழசு, புதுசு என்று இரண்டு அடைவுகள் உருவாக்கி, பழைய ஹோமை முதலாவதிலும் புதிய பார்ட்டிஷனை இரண்டாவதிலும் மவுன்ட் செய்கிறேன் (அந்த அடைவின் வழியே திறக்கும்படி இணைக்கிறேன்). கோப்பு மேலாளரில் இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள், கோப்புகளின் உரிமையாளரும் அனுமதிகளும் மாறிப்போகும். நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன், நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை. கொடுக்க வேண்டிய எழுத்துகள்: சின்ன ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ். இவை அனுமதி, ஹார்டு லிங்க், ஏசிஎல், கூடுதல் பண்புகள் எல்லாவற்றையும் காப்பாற்றும். மூல அடைவின் பெயர் முடியும் இடத்தில் சாய்கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால், பழசு என்ற அடைவே புதுசுக்குள் போய் உட்காரும், உங்கள் பயனர் அடைவு ஒரு படி கீழே இறங்கிவிடும்.

முடிந்ததும் அதே கட்டளையை, சின்ன 'என்' எழுத்தும் சின்ன 'வி' எழுத்தும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். 'என்' எழுத்தைச் சேர்த்தால் எதையும் எழுதாது, என்ன மிச்சம் என்று சொல்ல மட்டும் செய்யும். கோப்புப் பெயர் எதுவும் வராவிட்டால் நகல் முழுமை.

கடைசியாக எஃப்ஸ்டேப், எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு. லைவில் இருக்கும்போதே மின்ட் ரூட்டை மவுன்ட் செய்து, அதற்குள் இருக்கும் ஈடிசி அடைவில் எஃப்ஸ்டேப் கோப்பைத் திறங்கள். லைவ் அமைப்புக்கும் தனியாக ஓர் எஃப்ஸ்டேப் உண்டு, அதைத் திருத்திவிட்டு "மாறவே இல்லையே" என்று தவிக்கிறவர்கள் ஏராளம். ஹோமுக்கான வரியை நகலெடுத்து, பழைய வரியின் முன்னால் ஹேஷ் குறி போட்டு முடக்கிவிட்டு, புதிய வரியில் புதிய யுயுஐடியைப் போடுங்கள். ஜிபார்ட்டெட்டில் அந்தப் பார்ட்டிஷனின் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் யுயுஐடி இருக்கும். கையால் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் எழுத்து தவறினாலும் மின்ட் துவங்கும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். நின்றால் பதற வேண்டாம், லைவில் திரும்பப் போய் அந்த வரியைத் திருத்தினால் போதும்.

பழைய ஹோமை நீக்குதல்

அவசரம் வேண்டாம். ஒரு வாரம் வழக்கம்போல வேலை செய்யுங்கள். பிரவுசர், மின்னஞ்சல், அடிக்கடி தொடாத அந்தப் பழைய ப்ராஜெக்ட் எல்லாம் திறக்கிறதா பாருங்கள். டிஸ்க்ஸ் செயலியில் புதிய பார்ட்டிஷன்தான் ஹோமாக மவுன்ட் ஆகியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஜிபார்ட்டெட்டில் பழையதை டிலீட் செய்யுங்கள். ரூட்டைத் தேர்ந்து ரீசைஸ் கொடுத்து, வலது ஓரத்தை மட்டும் கடைசிவரை இழுங்கள். இடப்பக்கம் ஃப்ரீ ஸ்பேஸ் பிரிசீடிங் என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் எண் துளியும் மாறியிருக்கக் கூடாது. அது மாறினால் தலை நகர்கிறது என்று பொருள்.

எக்ஸ்ட்4-ஐப் பெரிதாக்க லைவ் யுஎஸ்பிகூடத் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டலாம். சுருக்குவதற்குத்தான் மவுன்ட் ஆகாமல் இருக்க வேண்டும். எக்ஸ்ட்4-க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் நீட்டலாம், சுருக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இரண்டையும் ஓடும்போதே செய்யும்.

எல்விஎம் அல்லது லக்ஸ் என்கிரிப்ஷனோடு லினக்ஸ் நிறுவியிருந்தால் பார்ட்டிஷனுக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவில் இன்னோர் அடுக்கு வரும். அந்த அடுக்கையும் வரிசைப்படி மாற்ற வேண்டும், மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள்.

பழைய எம்பிஆர் டிஸ்க்

டிஸ்கில் பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் அட்டவணை இப்போது ஜிபிடி, பழைய கணினிகளில் அது இல்லாமல் எம்பிஆர் இருக்கும். பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் முடியாது என்பதால் லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்டெண்டடுக்குள் லாஜிக்கலாக இருக்கும். சி டிரைவைச் சுருக்கியதில் கிடைத்த இடம் எக்ஸ்டெண்டடுக்கு வெளியே நிற்கும். முதலில் எக்ஸ்டெண்டடின் இடது எல்லையை அந்த இடத்தை உள்ளடக்கும்படி நீட்ட வேண்டும். இங்கே மட்டும் தலையைத் தொடலாம், எக்ஸ்டெண்டட் என்பது வெறும் வேலிதான், அதற்குள் இருப்பவை நகராது. பார்ட்டிஷன் பெயர் அருகே சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காரணம், டிஸ்கில் இருக்கும் ஸ்வாப்பை (ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடத்தை) லைவ் அமைப்பு தானாகவே எடுத்துக்கொண்டதுதான். வலது கிளிக் செய்து ஸ்வாப்ஆஃப் கொடுத்தால் சாவி மறையும். ஸ்வாப்பை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் அதன் யுயுஐடி மாறிவிடும், எஃப்ஸ்டேப்பில் அதையும் திருத்த வேண்டும்.

பூட் ஆகாவிட்டால்

மேலே சொன்ன வழியில் போனால், எந்த அமைப்பைத் துவக்குவது என்று கேட்கும் கிரப் கெடுவதற்குக் காரணமே இல்லை, ரூட் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால், யுஇஎஃப்ஐ பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். மின்ட்டின் பெயர் அங்கே உபுண்டு என்று இருக்கும், குழம்ப வேண்டாம். அதை மேலே ஏற்றினால் சரி. அதுவும் இல்லையென்றால் மின்ட் லைவில் பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. தவறான பார்ட்டிஷனை நீக்கிவிட்டீர்கள் என்றால் அந்த டிஸ்கில் எதையும் எழுதாமல் உடனே நிறுத்துங்கள். எழுதாதவரை டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி அதை மீட்டுத்தர நல்ல வாய்ப்பு உண்டு.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸுக்குப் போய், நிறுத்தி வைத்த பேஜிங் கோப்பையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் மறுபடி இயக்கிவிடுங்கள். பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்திருந்தால் அதையும் ரெஸ்யூம் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் நான் திரும்ப இயக்குவதில்லை. லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறக்கும்போது எழுத விடாமல் ரீட் ஒன்லியாக வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். டூயல் பூட் கணினியில் அது மிச்சப்படுத்தும் சில நொடிகளுக்காக அந்தத் தொல்லையைச் சுமக்க எனக்கு மனமில்லை.